பன்னிரண்டு அடி மண்

இரும்புக் கடப்பாரையான அலவாங்கு சுவரில் பட்டுத் தெறித்தது. பட்ட இடத்தில் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அப்புத்துரை எரிந்த கையை உதறிவிட்டு, கரையில் நின்ற கமலவேணியைப் பார்த்துக் கத்தினான்.

"ரீச்சர், உங்கடை ஊரிலை கோயில் கட்டின ஆக்கள் உங்களுக்குச் சொந்தமோ? ஆயிரம் வருசத்துக்கெண்டெல்லோ கட்டி வைச்சிருக்கிறியள்!"

வேறு நாளாயிருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஆறு ஆண்கள் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைக் கரையில் நின்ற மருதமரத்தில் முடிந்துவிட்டு, பாலையடிக்குளத்தின் மிச்சத் தண்ணீர் வழியும் வானின் நடுவில் நின்று சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு மேலால் ஒரு சாண் தண்ணீர் வழிந்து அவர்களுடைய தொடையில் அடித்தது. காற்று ஒருதரம் சுழன்று வந்தால் ஆறு பேரும் ஒன்றாகக் குனிந்து, அது போனபிறகு ஒன்றாக நிமிர்ந்தார்கள்.

அவர்களுக்குக் கிழக்கே அரை மைல் நீளத்துக்குக் குளக்கட்டு கிடந்தது. அதன் விளிம்பில் அலை ஏறிக்கொண்டிருந்தது. கட்டின் கீழே நாற்பது வீடுகள். சுவர் உடைந்தால் தண்ணீர் வானால் இறங்கிக் காட்டுக்குள் போகும், கட்டு தப்பும். சுவர் உடையாவிட்டால் கட்டு உடையும். கட்டு உடைந்தால் வீடுகளும் போகும், குளமும் போகும். குளம் போனபிறகு அந்தக் காட்டுக்குள் மனிதருக்கு என்ன வேலை?

அந்தச் சுவரைக் கட்டுவித்தவள் கமலவேணி. அதில் எந்த இடம் உடனே உடையும் என்பதும் அவளுக்குத் தெரியும். விடியற்காலையிலிருந்து அவள் அதைச் சொல்லாமல் நின்றாள்.

அறுபத்து மூன்றாம் ஆண்டு தை மாதம் அவள் கப்பலேறித் தலைமன்னாருக்கு வந்தாள். மதுரையில் ஒரு சேவைச் சங்கம், புதிதாகக் காடு வெட்டிக் குடியேறியவர்களுக்கு ஒரு வருடம் தொண்டு செய்ய அவளை அனுப்பியிருந்தது. உடையார்கட்டுக்கு அப்பால் மாட்டுவண்டி போகும் பாதையில் நாலு மைல் நடந்தால் பாலையடிக்குளம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் ஆளுக்கு மூன்று ஏக்கர் வயலும் கொஞ்சம் மேட்டுக்காணியும் வாங்கிக் குடியிருந்தார்கள். கமலவேணி காலையில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். பின்னேரம் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாள். பள்ளிக்கூடக் கொட்டிலின் ஒரு மூலையைப் பனையோலையால் மறைத்து அங்கேயே படுத்தாள். சாப்பாடு மட்டும் நாகேஸ்வரி வீட்டில்.

நாகேஸ்வரிக்கு முப்பத்தைந்து வயது. புருஷன் மலேரியாவில் செத்தபிறகு காணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகும்படி எல்லாரும் சொன்னார்கள். அவள் போகவில்லை. தனியாக உழுவித்து, தனியாகக் காவல் காத்து, மூன்று ஏக்கரையும் விளைவித்தாள். அவளுடைய காணி வானுக்கு மேற்கே, சற்று மேட்டில் இருந்தது.

வான் என்பது குளம் நிரம்பியபின் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கட்டின் ஓரத்தில் விட்டிருக்கும் தாழ்ந்த கல்லணை. மாரியில் குளம் நிரம்பியதும் சனங்கள் ஒன்றுகூடி, வானின்மேல் அலம்பல் தடிகளைப் போட்டு, வைக்கோலும் களிமண்ணும் அப்பி, இரண்டடி உயர்த்துவார்கள். அந்த இரண்டடித் தண்ணீர்தான் பிறகு கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்கு உதவும். பெரிய மழை வந்தால் மண்ணும் அலம்பலும் அடித்துக்கொண்டு போய்விடும். மழை விட்டதும் வைதுகொண்டே திரும்ப அப்புவார்கள். ஒரு மாரிக்குள் மூன்று தரம், நாலு தரம்.

கமலவேணி இதைக் கேட்டுப் பரிதாபப்பட்டாள். வைகையில் தண்ணீர் வருவதையே ஊர்கூடிப் பார்க்கிற பக்கத்துப் பெண் அவள். இரண்டடித் தண்ணீரைக் கையில் பிடித்துப் பிடித்து விடுகிறார்களே என்று சங்கத்துக்கு எழுதினாள். முப்பது மூட்டைச் சீமெந்துக்கு உதவி வந்தது. ஊரும் சந்தோஷப்பட்டது. களிமண்ணை நாங்கள் ஏன் அப்புகிறோம் என்று யாரும் நின்று யோசிக்கவில்லை. வேறு வழியில்லாததால் செய்கிற வேலை என்றுதான் அவர்களே நினைத்திருந்தார்கள். பெருமழையில் அது கரைந்து போவதுதான் கட்டைக் காப்பாற்றியது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆவணியில் வானின்மேல் இரண்டடிச் சுவர் கட்டும் வேலை தொடங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மேசன் தில்லைநாதன் கிழக்கிலிருந்து மேற்காகக் கல்லடுக்கிக் கட்டிக்கொண்டு போனான். கடைசி லொறியில் வந்த ஏழு மூட்டைகளும் வழியில் நனைந்து கல்லாகிவிட்டன. மேற்குக் கோடியில் பன்னிரண்டு அடி மிச்சம். மதுரையிலிருந்து சங்கச் செயலாளர் திறப்புவிழாவுக்குப் புறப்பட்டுவிட்டார்.

"என்னம்மா செய்யிறது?" என்று தில்லைநாதன் கேட்டான்.

கமலவேணி ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்துவிட்டு, "உள்ளே களிமண்ணை வச்சு மேல பூசிடுங்க. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றாள். மேசன் அப்படியே செய்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனான். செயலாளர் வந்தார், மாலை போட்டார்கள், படம் பிடித்தார்கள். சுவர் முழுதும் ஒரே நிறமாக இருந்தது.

ஐப்பசிப் புயலில் சுவர் அசையவில்லை. கார்த்திகைப் புயலிலும் அசையவில்லை. "ரீச்சற்றை சுவர்" என்று பிள்ளைகள் அதன்மேல் ஓடி விளையாடினார்கள். ஒவ்வொரு புயலுக்கும் கூரை பறந்தது, அடுப்பு நனைந்தது, கமலவேணிக்குக் காய்ச்சல் வந்து போனது. குளம் மட்டும் குறையவேயில்லை. மார்கழியில் மூன்றாவது வந்தபோது குளத்தில் ஒரு முழம்கூட இடமில்லை.

அன்று விடியும்போது வட்டவிதானை இளையதம்பி வீடு வீடாக ஓடினார். குளத்துக்கும் வாய்க்காலுக்கும் பொறுப்பான மனிதர் அவர். "கட்டுக்குக் கீழை ஒருத்தரும் நிக்கக் கூடாது! பள்ளிக்கூடத்துக் கூரை பறந்திட்டுது, எல்லாரும் நாகேஸ்வரி வளவுக்குப் போங்கோ! அது மேடு. கட்டு உடைஞ்சாலும் தண்ணி கிழக்காலைதான் போகும்!"

சனம் போனது. மாடு கன்றுகளைச் சாய்த்துக்கொண்டு போனது. விதைநெல் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது. இராசமலருக்குப் பிள்ளை பிறந்து ஆறு நாள். இரத்தப்போக்கு நிற்காமல் எழும்ப முடியாமல் கிடந்தவளைக் கதிரையில் இருத்தித் தூக்கிப் போனார்கள். நாகேஸ்வரி குடிசை வாசலில் நின்று, "வாங்கோ, வாங்கோ, என்ரை அரண்மனையிலை இடத்துக்குக் குறைவில்லை" என்று ஒவ்வொருவரையும் உள்ளே எடுத்தாள். நனையாத மாட்டுக் கொட்டிலை மற்றவர்களின் மாடுகளுக்கு விட்டுவிட்டு, தன்னுடைய பசு சிவப்பியை வேலியின் கடைசிக் கட்டையில் கொண்டுபோய்க் கட்டினாள்.

கமலவேணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வானின் நடுவில் உடைத்தால் தண்ணீர் கல்வாய்க்காலில் விழுந்து காட்டுக்குள் ஓடிவிடும். மேற்குக் கோடியில் உடைத்தால் அங்கே கல் இல்லை, வாய்க்கால் இல்லை. தண்ணீர் கரையை அரித்து நேரே நாகேஸ்வரியின் வயலுக்குள் பாயும். வயலை முடித்துக்கொண்டு வளவுக்குள் வரும்.

'நடுவில் உடைந்துவிடும். ஆறு ஆண்கள் இடிக்கிறார்கள், உடையாமலா போகும்? உடைந்துவிட்டால் நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அக்காவின் வயலும் தப்பும்.' இப்படித்தான் அவள் நினைத்தாள். அக்காவுக்காகத்தான் வாய் திறக்கவில்லை என்று தன்னிடமே சொன்னாள். அது முழுப் பொய்யுமில்லை.

நேரம் போனது. பத்து மணியிருக்கும். அலவாங்கு இரண்டு வளைந்துவிட்டது. சுவரின் நடுவில் ஒரு சிரட்டை அளவு பள்ளம் விழுந்திருந்தது.

கட்டுப் பக்கமிருந்து இளையதம்பி விழுந்தெழும்பி ஓடி வந்தார். மேலெல்லாம் சேறு. "கட்டு கசியுது! புளியடியிலை கையை விட்டால் முழங்கை மட்டும் போகுது. இன்னும் ஒரு மணித்தியாலம் தாங்காது. அடியுங்கோடா!"

"அடிக்கிறம்தானே! நீங்கள் வந்து இதைத் தொட்டுப் பாருங்கோ, விதானையார். இது சுவரில்லை, யமன்!" என்று அப்புத்துரை அழுகிற குரலில் கத்தினான். அவனுடைய உள்ளங்கை கிழிந்து அலவாங்கில் இரத்தம் வழிந்தது.

கமலவேணி மருதமரத்தைப் பிடித்தாள்.

"விதானையார்" என்றாள். காற்றில் கேட்கவில்லை. கிட்டப்போய் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மேற்குக் கோடியில இடிக்கச் சொல்லுங்க. அங்க சீமெந்து இல்ல."

"என்ன?"

"களிமண்ணுதான். வெளிய மட்டும் பூச்சு. பன்னிரண்டு அடி. ரெண்டு இடி இடிச்சா விழுந்துடும்."

இளையதம்பி அவளைப் பார்த்தார். "ஆருக்குத் தெரியும்?"

"எனக்கும் மேசனுக்கும்."

"விடியத் தெரியுமோ உங்களுக்கு?"

அவள் பிடித்திருந்த சட்டையை விட்டாள். அவர் பதிலுக்கு நிற்கவில்லை. தலையைத் திருப்பி மேற்கே பார்த்தார். மழைக்குள் நாகேஸ்வரியின் குசினிக் கூரையிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சுகிறாள்.

"ஐயோ, சனம் முழுக்க நான்தானே அங்கை அனுப்பினனான்" என்றார் மெல்ல. பிறகு அவளைப் பிடித்துத் தள்ளினார். "ஓடு பிள்ளை! எல்லாரையும் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஏத்து. ஏத்தின உடனை வெள்ளைத் துணி ஒண்டு காட்டு. கட்டு பொறுத்தால் நான் பொறுப்பன். பொறுக்காட்டில் துணியைப் பாத்துக்கொண்டு நிக்கமாட்டன்."

கமலவேணி ஓடினாள். வயல் வரம்பில் வழுக்கி விழுந்து, சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடினாள். இரண்டு பக்கமும் பயிர் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றது.

நாகேஸ்வரி அகப்பையோடு வெளியே வந்தாள். "என்ன ரீச்சர், சுவர் விழுந்திட்டுதோ? பிள்ளையாரே, உனக்கு நூற்றெட்டுத் தேங்காய்..."

"அக்கா, எல்லாரும் வெளிய வரணும். இப்பவே. மேற்குக் கோடியை உடைக்கப் போறாங்க. தண்ணி இங்கதான் வரும்."

"மேற்குக் கோடியை ஏன்?"

கமலவேணி சொன்னாள். மூச்சுக்கு மூச்சு இரண்டு வார்த்தையாகச் சொன்னாள். நாகேஸ்வரி கையிலிருந்த அகப்பையைப் பார்த்தாள். அதைக் கஞ்சிப் பானைக்குள் திரும்ப வைத்தாள். பிறகு உள்ளே போய், "எழும்புங்கோ! மூட்டையளைத் தொடாதையுங்கோ, பிள்ளையளைத் தூக்குங்கோ!" என்று போட்ட சத்தத்தில் குடிசையே அதிர்ந்தது.

இராசமலரைக் கதிரையோடு தூக்கினார்கள். அவளுடைய சிசுவை நாகேஸ்வரி தன் சேலைத் தலைப்பில் சுற்றிக் கமலவேணியின் கையில் திணித்தாள். "இதைக் கொண்டுபோ. விழுத்தினியெண்டால் நீயும் திரும்பி வராதை."

பள்ளிக்கூட மேட்டுக்கு முந்நூறு யார் தூரம். பெண்களும் பிள்ளைகளும் கைகோத்து நடந்தார்கள். கமலவேணி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் கொடுத்துப் பின்பக்கமாக நடந்தாள். அதனால் எல்லாவற்றையும் பார்த்தாள். நாகேஸ்வரி மட்டும் வளவுக்குள் நின்று மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மழையில் ஊறிய முடிச்சுகள் அவிழவில்லை. கொடுவாக் கத்தியால் அறுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மற்றவர்களின் மாடுகள் ஒவ்வொன்றாக மேட்டை நோக்கி ஓடி வந்தன. கொட்டிலை முடித்துக்கொண்டு அவள் வேலியின் கடைசிக் கட்டையை நோக்கி ஓடினாள்.

குழந்தையை இன்னொருத்தியின் கையில் கொடுத்துவிட்டுக் கமலவேணி வானைப் பார்த்தாள். வெள்ளைத் துணியை அவள் இன்னும் காட்டவில்லை. மேற்குக் கோடியில் அப்புத்துரை அலவாங்கை ஓங்கியிருந்தான்.

"பொறுங்க! அக்கா அங்க நிக்கிறாங்க! பொறுங்க!" என்று கத்தினாள். அது அவளுடைய காதுக்கே கேட்கவில்லை.

கட்டு பொறுக்கவில்லை போலும். அலவாங்கு இறங்கியது. ஒரே இடி. பூச்சு பலகை போலப் பெயர்ந்தது. பன்னிரண்டு அடியும் ஒன்றாகச் சரிந்து, மண்நிறத் தண்ணீர் எழும்பி நின்று, பிறகு விழுந்தது. பயிர் படுத்தது. அதன்பின் பயிரே தெரியவில்லை.

"நாகேசக்கா, மாட்டை விடுங்கோ!" என்று மேட்டிலிருந்து எல்லாரும் கத்தினார்கள். நாகேஸ்வரி கயிற்றில் கத்தியை வைத்திருந்தாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்து, இடுப்புக்கு வந்தது. கத்தி கையை விட்டுப் போயிற்று. அவள் பல்லால் கடித்தாள். பிறகு வேலியோரத்துப் பாலைமரத்தில் அவளை அடித்துச் சேர்த்தது தண்ணீர். அதைப் பிடித்து ஏறிக்கொண்டாள். குடிசை முழங்காலில் குந்துவதுபோல இறங்கியது. நெல்மூட்டைகள் இரண்டு மூன்று மிதந்து, உருண்டு, அமிழ்ந்தன. சிவப்பி கொஞ்ச நேரம் தலையைத் தூக்கி வைத்திருந்தது.

பின்னேரம் தண்ணீர் வடியத் தொடங்கியபிறகுதான் ஆண்கள் கயிறு வீசி நாகேஸ்வரியை இறக்கினார்கள். கட்டு நின்றுவிட்டது. நாற்பது வீடுகளும் நின்றன. இராசமலரின் குழந்தை பசிக்கு அழுதது. அழுகிற சத்தத்தைக் கேட்டுச் சில பெண்கள் சிரித்துக்கொண்டே அழுதார்கள். கமலவேணியிடம் யாரும் ஒரு சொல் பேசவில்லை. ஏசவுமில்லை. ஒருவர் வந்து ஏசினால் நன்றாயிருக்கும் என்று அவள் மூலைக்குள் காத்திருந்தாள். இளையதம்பி ஒருதரம் அந்தப் பக்கம் வந்தார். "பாதையெல்லாம் வெள்ளம். நீங்கள் போறதெண்டால் பஸ் ஓட ஒரு கிழமையாகும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

விடிந்தபோது மழை தூறலாக இருந்தது. வட்டவிதானையின் றேடியோ, வங்கக் கடலில் இன்னொன்று கிளம்பியிருக்கிறது என்று சொன்னது. ஆண்கள் அலம்பல் வெட்டப் போனார்கள். உடைந்த பன்னிரண்டு அடிக்கும் களிமண் அப்ப வேண்டும். மிச்சச் சுவரைக் கோடையில் வெடி வைத்துத்தான் உடைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். கமலவேணி ஒரு கூடையை எடுத்துக்கொண்டு அவர்களோடு போக எழும்பினாள். பிறகு கூடையை வைத்துவிட்டு மேற்கே நடந்தாள்.

வயல் இருந்த இடத்தில் மணல். இடையிடையே சீமெந்துப் பூச்சுத் துண்டுகள் சாம்பல் நிறத்தில் கிடந்தன. நாகேஸ்வரி வேலியின் கடைசிக் கட்டைக்குப் பக்கத்தில் நின்றாள். சிவப்பி அங்கேதான் கிடந்தது. கயிறு கட்டையிலும் கழுத்திலும் இறுகியிருந்தது. வயிறு ஊதத் தொடங்கிவிட்டது.

"அக்கா" என்றாள் கமலவேணி. "உங்க வயல் போயிடுமேன்னுதான் நான்..."

"வயல் போனால் போகட்டும்!" நாகேஸ்வரி திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "நாப்பது வீட்டுக்கு மூண்டு ஏக்கர். எனக்குக் கணக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? விடியச் சொல்லியிருந்தால் நானே அலவாங்கு தூக்கியிருப்பன். நான் மேடெண்டு சொல்லி ஊரையே கூப்பிட்டு உள்ளை வைச்சனான். இராசமலரைப் பிள்ளையோடை கொண்டந்து என்ரை பாயிலை கிடத்தினவை. நீ பாத்துக்கொண்டு நிண்டனி."

"ஆமாக்கா."

"விதைநெல்லு எல்லாற்றையும் போச்சு. இனி எதை விதைக்கிறது? இந்தா, இந்த முடிச்சு. காய்ஞ்ச கயிறாயிருக்கேக்கை விடிய அவிழ்த்திருந்தால் எவ்வளவு நேரம் எனக்கு? சொல்லு, எவ்வளவு நேரம்?"

கமலவேணி முடிச்சைப் பார்த்தாள். கயிற்றில் பல் பதிந்த இடம் நார் நாராக இருந்தது.

கிழக்கே வானம் திரும்பவும் கறுத்துக்கொண்டு வந்தது. அடுத்த மழைக்கு முன் மாட்டைக் குழியில் தாழ்க்காவிட்டால் அது அழுகி வெள்ளத்தோடுதான் போகும். நாகேஸ்வரி கொஞ்சநேரம் வானத்தைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள், தோண்ட வேண்டிய இடத்தைப் பார்த்தாள். தனி ஒருத்தியால் இழுக்க முடியாது. ஆண்கள் எல்லாரும் வானடியில் நின்றார்கள்.

அவள் குனிந்து சிவப்பியின் பின்னங்காலைப் பிடித்தாள்.

"அந்தக் காலைப் பிடி" என்றாள். "பேசாமல் பிடி."

கமலவேணி பிடித்தாள். இரண்டு பேரும் இழுத்தார்கள். மாடு அசையவில்லை. காலை மணலில் ஊன்றிக்கொண்டு திரும்ப இழுத்தார்கள். மழை பெரிதாகத் தொடங்கியது.